பாலக்கரையில் பிழைத்தவள்

“ஸ்ரீரங்கத்துல செத்துப்போனவ பாலக்கரையில மட்டும் எப்படிடி உசுரோட இருக்கா?”

சாரா பீவி கேட்டதும், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வஹீதா மட்டும் சிரிக்கவில்லை.

செத்தவள் கோமளவல்லி, கதையில் வருகிறவள். போன வருஷம் வாரப் பத்திரிகையில் வந்த ‘வேங்கைமலை ஜமீன்’ தொடர்கதையில், அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்து மூன்று தலைமுறையை நடுங்க வைத்த பேய் அவள்தான். ‘அவள் ஏன் பேயானாள்?’ என்று ஜனங்கள் கடிதம் போட்டே எழுதினவரைப் பிடுங்கி எடுத்தார்கள். அவரும் முன்கதையை எழுதி முடித்துவிட்டார்.

அந்த முற்றத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் வஹீதா ஒருத்திதான். அவள் உரக்கப் படிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே, அவள் பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். அவள் படித்த முன்கதையில் கோமளவல்லி தாயில்லாப் பெண். மாமியார் கொடுமை தாங்காமல் கிணற்றில் குதித்தாள். உள்ளே இருந்த சுரங்கம் வழியாக நீந்தி ஆற்றங்கரையில் ஏறினாள். எங்கேயோ போய் நன்றாக இருந்தாள்.

“பொழைச்சா உங்களுக்கு என்ன நஷ்டம் பெரியம்மா? நல்லாயிருக்கட்டுமே” என்றாள் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த நசீரா.

“நல்லாயிருக்கட்டும்டி. அப்ப அரண்மனையைச் சுத்தினது யாரு, அவ தங்கச்சியா? செத்தாத்தானே பேயா வர முடியும்?”

அதுவும் போதாதென்று, புத்தூர் ஆஸ்பத்திரி வரிசையில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி, “அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்து போயிட்டாளே! மூணு நாளா நேக்குச் சாதமே இறங்கலை” என்று மூக்கைச் சிந்தியதை சாரா பீவி தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

“உன் பீடியையும் நான் சுத்துறேன். நீ என்கிட்டயே கதை விடுறியா?”

“எழுதியிருக்கறதைத்தான் பெரியம்மா படிச்சேன்.”

“இரு. நானே படிச்சுக் காட்டுறேன்.”

சாரா பீவிக்கு வயது ஐம்பதுக்கு மேல். குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அடுத்த தெரு அழகம்மாள் டீச்சர் வீட்டில் சிலேட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்தாள். தெருவே கேலி செய்தது. ஐந்து மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

டீச்சர் அந்த முன்கதை வந்த பக்கங்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்.

“முடிவை நான் சொல்லிடட்டுமா?”

“வாயைத் திறக்காதீங்க டீச்சர். அவ கிணத்துல விழற பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க. அவங்க எல்லார் முன்னாடியும் நானே படிக்கணும்.”

அந்த நாளும் வந்தது. அன்று காலையில்தான், மன்னார்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் மஜீதா துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். இது மூன்றாவது தடவை. முழங்கையில் புதிதாக ஒரு சூட்டுக் காயம்.

சாரா பீவி எண்ணெய் தடவிவிட்டாள். வயிறாரச் சோறு போட்டாள்.

“சபூர் பண்ணு புள்ள, பொறுத்துப் போ. வாழாவெட்டின்னு ஊர் பேசுறதுக்கு இது தேவலாம். மூணு மணி பஸ்ஸுல ஏத்தி விடுறேன்.”

மஜீதா எதிர்த்துப் பேசவில்லை. பெற்றவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் மகளோடு முற்றத்துக்குள் நுழைந்தாள். புத்தகத்தை விரித்தாள்.

“எல்லாரும் கையை நிறுத்துங்க. படிக்கப்போறேன்.”

வஹீதா புத்தகத்தைப் பார்த்தாள். மூட்டையோடு நின்ற மஜீதாவைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

“பெரியம்மா, நான் படிச்சது பொய்தான். ஒத்துக்கிறேன். இனிமே என் பீடியை நானே சுத்திக்கிறேன். இப்ப அதை மட்டும் படிக்காதீங்க.”

“அப்படி வா வழிக்கு!”

சாரா பீவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் ஐந்து மாதம் பட்ட பாட்டை வீணாக்கலாமா? விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

“கோ… ம… ள… வல்லியின்… தாய்…” நிமிர்ந்தாள். “தாயா? தாயில்லாப் பொண்ணுன்னியேடி?”

சாரா பீவி மறுபடி விரலை எழுத்தின் மேல் வைத்தாள்.

“தாய்… அவள்… கண்ணீரைத்… துடைத்தாள். ‘பொறுத்துப்… போ… மகளே. ஊர்… சிரிக்கும்’… என்று… மூன்றாம்… முறையாக… வண்டி… ஏற்றி… அனுப்பினாள். அன்று… மாலையே… கிணற்றில்…”

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மேலே கூட்ட முடியவில்லை.

“இதையா மறைச்சே?”

“நீங்க எதிரே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்களே பெரியம்மா” என்றாள் வஹீதா. “மஜீதாவை முதல் தடவை திருப்பி அனுப்பிட்டு வந்து உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு அதைப் படிக்க வாய் வரலை.”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மஜீதா மட்டும் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா.”

சாரா பீவி அந்த மூட்டையை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பஸ் போகட்டும். உன் மாமியா கூப்பிட வந்தா, எங்கம்மா படிக்கக் கத்துக்கிச்சுன்னு சொல்லு.”