ஆதிநாராயணனுக்கு ஆதிநாராயணன்

“அன்புள்ள ஆதிநாராயணா. அதுக்குக் கீழ எழுது, நலம், நலமறிய ஆவல்.”

“யோவ், உனக்கு நீயே எழுதிக்கிற கடுதாசி இது. இதுல இன்னாத்துக்குய்யா நலம் விசாரிக்கிற?” ஜமுனா பேனாவை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“விசாரிக்காம எப்டி? ஒரு மரியாத வேணாமா?”

தோணிரேவு குப்பத்தில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் கடைசி வீடு அவர்களுடையது. வாசலில் நாற்காலி போட்டு ஜமுனா உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு ஸ்டூல், அதன் மேல் தாள். ஏரிக் காற்றில் தாள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி ஆதிநாராயணன் தரையில் குந்தியிருந்தான்.

போன வாரம் பழவேற்காட்டில் மீனவர் கூட்டம் நடந்தது. அதில் பேசிய ஒரு அம்மா, நாம் எப்படி ஆக வேண்டும் என்று நினைக்கிறோமோ அதை நமக்கு நாமே கடிதமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், மனசு தளரும்போது எடுத்துப் படிக்க வேண்டும் என்றாராம். அன்றிலிருந்து ஆதிநாராயணன் பிடிவாதமாக இருக்கிறான். ஆனால் அவன் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஜமுனாதான் எட்டாவது வரை போனவள்.

“படிக்கவே தெரியாது. உனக்கு எதுக்கு கடுதாசி?”

“நீ படிச்சிக் காட்டு, நான் கேட்டுக்கறேன். எழுது. ஆதிநாராயணனாகிய நான் இனிமே பாக்கு போட மாட்டேன்.”

“ஆதின்னு போட்டா போதாதா? உம் பேரு ஒரு முழம் நீளம்.”

“முழுசா எழுது ஜமுனா. அப்பதான் எனக்கு ஒறைக்கும்.”

அவள் எழுதினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் பேனா பிடித்ததெல்லாம் எப்போதாவது கையெழுத்துப் போடத்தான். எழுத்துகள் மேலே ஏறின, கீழே இறங்கின. ‘ணா’ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

“ஆதிநாராயணனாகிய நான் மீன் கொழம்பு ஒழுங்கா வைக்கக் கத்துக்குவேன்.”

“இது நல்ல விசயம். நேத்து வெச்சத நாயி கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

“அதான் எழுதச் சொல்றேன்ல. அடுத்து, ஆதிநாராயணனாகிய நான் பெருமாளாண்ட சண்ட போட மாட்டேன்.”

அந்த நேரத்தில் சக மீனவன் பெருமாளே போனில் அழைத்தான். ஏரியில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துத் தரும் பாடு, இன்று ஆதிநாராயணனுடையது.

“இல்ல பெருமாளு. இன்னிக்கும் வரல. என் பாட்ட நீயே பாத்துக்க.” போனை வைத்துவிட்டு மறுபடி தாளைப் பிடித்துக்கொண்டான்.

ஜமுனாவின் முகம் மாறியது. “இன்னும் எத்தினி மாசம் இப்டி ஊட்லயே குந்திகினு இருப்ப? எறா நல்லா வர்ற சமயம். ஊரே தண்ணில கீது.”

“அதையும் எழுதிக்க. ஆதிநாராயணனாகிய நான் மறுபடி ஏரிக்குப் போவேன்.”

அவள் அதையும் எழுதி முடித்தாள். ஆதிநாராயணன் டீ டம்ளரை எடுக்கப் போனான். கை தட்டி, டீ தாள் முழுக்கப் பரவியது.

“கண்ணு எங்கய்யா வெச்சிருக்க? அவ்ளோவும் போச்சு.”

“தெரியாம பட்டுடுச்சு. வேற தாளு இருக்குது, மொதல்லருந்து எழுதிடலாம்.”

“போய்யா. இன்னொருத்திய பாரு.”

அவன் கோபப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துவிட்டுப் புதுத் தாளை வைத்தான். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவள் பேனாவை எடுத்தாள். அன்புள்ள ஆதிநாராயணாவிலிருந்து கடிதம் மறுபடி தொடங்கியது. பாக்கு வந்தது, குழம்பு வந்தது, பெருமாள் வந்தான், ஏரி வந்தது.

“கடைசியா ஒண்ணு. ஆதிநாராயணா, போனது போச்சுன்னு ஒக்காந்துடாத. கொஞ்சம் கொஞ்சமா வரும். அவசரம் இல்ல.”

பேனா நின்றது. ஜமுனா ஏரியைப் பார்த்தாள். கரையில் கட்டியிருந்த அவர்கள் படகு மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“யாருக்குய்யா சொல்ற இத?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

அவள் அதையும் எழுதினாள். கீழே ‘இப்படிக்கு ஆதிநாராயணன்’ என்று முடித்து, ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். “மொத தாளுக்கு இது தேவல,” என்றாள், தனக்குள் சொல்வது போல.

தெருமுனையில் மோட்டார் பைக் வந்து நின்றது. சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஜோயல். ஆதிநாராயணன் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேகமாக அவனிடம் போனான்.

“எப்படி இருக்கீங்கண்ணே?”

“இத பாருங்க சார்.”

ஜோயல் வண்டியில் உட்கார்ந்தபடியே டீக் கறை படிந்த தாளைப் படித்தான், பிறகு அடுத்ததை. பெருமாள் வந்த இடத்தில் சிரித்துவிட்டான்.

“இவ்ளோ திருந்தணுமா நீங்க?”

ஆதிநாராயணன் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“எனக்கு இன்னா சார், நான் இப்டியே இருந்துட்டுப் போறேன். நீங்க குடுத்த பந்த அவள அமுக்கச் சொன்னா, செத்த கைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்னு தூக்கிப் போட்டுட்டா. வாதம் வந்து வுழுந்த அந்த வலது கைதான் சார், இன்னிக்கு எம் பேர முழுசா எழுதியிருக்குது.”