செதில் நிறுக்கும் விரிப்பு

எங்கள் வீட்டுப் படுக்கைவிரிப்புக்கு என்னைவிட வாய் அதிகம். தோல் நோயால் இரவு முழுக்க என் உடம்பிலிருந்து உதிர்ந்த செதிலைக் காலை ஆறு மணிக்கு எடை பார்த்து, அதோடு போன புரதத்துக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்லும். ஆரம்பத்தில் தினமும் ஐந்து என்றது. போன மாதம் ஒன்றுக்கு இறங்கியது. எனக்கு முட்டை பிடிக்காது, வாயைத் திறக்கவில்லை.

பிறகு கால் வீங்கியது. வீட்டுக்கு வந்த நர்ஸ் விரலால் அழுத்தினார். குழி மேலெழவில்லை.

"புரதம் பத்தல. விரிப்பு நல்லாத்தான் இருக்கு. அது எடை பாக்கும் முன்ன யாரு செதிலத் தட்டிவிடுறது?"

என் மனைவி பெர்ப்பெத்து தலை குனிந்தாள். "காலைல அதப் பாத்ததும் அவுக மூஞ்சி வாடிருது. அதான் பிள்ளைக்கு வாங்குன பிரஷ்ஷால விரிப்பையும் முதுகையும் மெல்லத் தட்டிவிட்டேன்."

நானும் தலை குனிந்துகொண்டேன். வலிக்குமோ என்று பயந்து, ஒரு வருடமாக அந்த பிரஷ்ஷைத் தவிர வீட்டில் யார் கையும் என்னைத் தொடுவதில்லை.

நர்ஸ் போன பிறகு ஐந்து முட்டையை உரித்து என் முன்னால் வைத்தாள். "உங்க சாப்பாட்ட நானே கூட்டித் தள்ளிருக்கேன். இனி அந்த பிரஷ்ஷ தொடமாட்டேன்."

"அது எடை பாத்த பொறவு தட்டிவிடு."

"அதுக்குள்ள நீங்க முழிச்சிருவீகளே."

"முழிச்சாலும் கண்ணத் தொறக்கமாட்டேன்," என்றேன். "இந்த ஒரு மாசமும் அப்படித்தான கெடந்தேன்."