பதினெட்டு மஞ்சள் வரிகள்

ஜலீல் அண்ணனை பாஸ் வேலையை விட்டுப் போகச் சொன்னபோது, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதுவும் எங்கள் ப்ரோக்ராமை வாங்கியிருக்கும் கிள்ளான் ஃபேக்டரியின் மேனேஜர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"பதினெட்டு மஞ்சள், ரெண்டு சிவப்பு. எட்டு வருஷமா ப்ரோக்ராம் எழுதுற ஆளா நீ? வேணாம் லா, கிளம்பு. குணேஸ்வரி ஸ்க்ரீனைப் பாரு, ஒரு பொட்டு கலர் இருக்கா?"

குணேஸ்வரி நான்தான்.

பாஸ் அந்தோனிப்பிள்ளைக்கு ப்ரோக்ராமில் ஒரு அட்சரம் தெரியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்த மாடியைப் பிடித்து, மூன்று லினக்ஸ் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். போன மாதம் வரை மூன்று திரையிலும் கறுப்பில் வெள்ளை எழுத்துதான். யார் என்ன செய்கிறோம் என்று அவருக்கு ஒரு இழவும் புரியாது.

ஜலீல் அண்ணன் திரையில் மட்டும் நிறம் வந்ததும் பாஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டதாம். தே தாரிக் டீ கிளாஸோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எண்ண ஆரம்பித்தார்.

எண்ணத் தெரிந்த மனுஷனுக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

சிவப்பு என்றால் பிழை. அது எல்லோருக்கும் வரும், திருத்தினால் போய்விடும். மஞ்சள் வெறும் எச்சரிக்கை. 'இந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்' என்று, ப்ரோக்ராமைச் சரிபார்க்கும் கம்பைலர் சொல்வது, அவ்வளவுதான்.

ஜலீல் அண்ணன் ஒருவர்தான் எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொல்லி வைத்திருப்பார். ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டுத்தான் சாப்பிடவே போவார். நானும் எதிரே இருக்கும் கன்னையாவும் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தோம். அதனால் எங்கள் திரை சுத்தம்.

அந்தச் சுத்தமான திரையில் நான் எழுதிய ப்ரோக்ராம் கிள்ளானில் இரண்டு தடவை படுத்துக்கொண்டது. பஸ் ஏறிப் போய் அதை எழுப்பிவிட்டு வந்தவர் ஜலீல் அண்ணன். அந்த மேனேஜருக்கே இது தெரியும். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கன்னையா குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு எழுத்தும் நகரவில்லை. அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

ஜலீல் அண்ணன் எழுந்தார். டிராயரிலிருந்த கண் சொட்டு மருந்து, தொப்பி, காப்பிக் கோப்பை, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். "அந்தக் கலரை எடுத்துடுங்க அண்ணே" என்று போன வாரம்கூட கன்னையா சொன்னான். கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அப்போது பாஸுக்கு ஒரு யோசனை வந்தது.

"அந்தக் கலர் நல்ல சாமான் லா. நாளைலேர்ந்து எல்லா கம்ப்யூட்டர்லயும் வேணும். யாருக்குப் போடத் தெரியும்?"

கன்னையா உதட்டைப் பிதுக்கினான். வாசல் வரை போய்விட்ட ஜலீல் அண்ணன் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது பாஸ்."

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பாஸ் மேனேஜரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதும், நான் ஜலீல் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரைக்கு நிறம் கொடுக்கும் அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தேன்.

மொத்தம் பத்து வரி. பாஸிடம் முதல் வரியைக் காட்டியிருந்தாலே போதும், இந்த ஒரு மாதமும் அவருடைய வசவு வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஜலீல் அண்ணன் காட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

முதல் வரியில், போன மாதம் இங்கிலீஷ் எழுத்தில் நான் டைப் பண்ணியிருந்த தமிழ் அப்படியே இருந்தது.

'ஜலீல் அண்ணே, இனிமே பிழையைத் தேடி கண்ணைக் கெடுத்துக்காதீங்க. குணேஸ்.'