வாசலில் நிற்கும் ஆபத்து

"அந்த ஆளுகிட்ட பேசுன குரல்ல ஒரு நாளாவது என்கிட்ட பேசியிருக்கியா?"

ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றக்கூட விடாமல் கணவன் கேட்டான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று மனைவிக்குத் தெரியவில்லை.

அவசர உதவி எண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை அவளுக்கு. வீட்டின் பின்னறைதான் அலுவலகம். ஆங்கிலம் வராதவர்கள் பதறிப்போய்த் தமிழில் கொட்டுவதை, இணைப்பில் இருக்கும் ஆபீசருக்கு அவள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மதிய நேரத்தில் தமிழுக்கு அவள் ஒருத்திதான்.

"வீடு தீப்பிடிச்சு நிக்கிற மனுஷன்கிட்ட, குழம்புல உப்பு போதுமான்னு கேக்கற குரல்லயா பேசுவாங்க?" என்றாள்.

"'பதறாதீங்க, நான் இருக்கேன்'னு உருகினியே. அதை என்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அண்ணேன்னு கூப்பிட்டுத்தானேங்க சொன்னேன்."

அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. கல்யாணமான புதிதில் இவனுடைய பொறாமை எதிர்வீட்டுக்காரரோடு நின்றது. இப்போது ஊரில் ஆபத்தில் மாட்டும் ஆண்கள் அத்தனை பேர் மேலும் பாய்ந்தது. எவனோ ஒருவன் மாடிப்படியில் உருண்டு கால் முறிந்து கிடந்தால்கூட இவனுக்கு வயிறு எரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோதும் விடவில்லை. பேச்சை மாற்றுவதற்காக அவள் தன் வேலைக் கஷ்டத்தைச் சொன்னாள். போன மாதம் ஒரு பெண் போட்ட கூச்சலில் பயந்துபோய், 'இம்மினன்ட் டேஞ்சர்' என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். ஆபத்து வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். சொன்ன மறுகணம் தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும். போய்ப் பார்த்தால், இரண்டு வருடமாக வாய் பிளந்து நிற்கும் ஒரு சுவர் விரிசல். 'சீரியஸ் டேஞ்சர்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதுவும் பெரிய ஆபத்துதான், ஆனால் மூச்சுவிட நேரம் இருக்கிறது, ஒரு ஆள் வந்து பார்த்தால் போதும். அவள் தவறாகச் சொன்ன அந்த நேரத்தில், நிஜமாகவே தீப்பிடித்த வேறொரு வீடு வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "சரி, என் கதை எந்த டேஞ்சர்?" என்றான்.

"உங்களுதுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்? தமிழ்லயே வயித்தெரிச்சல்னு அழகா ஒரு வார்த்தை இருக்கே."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் படாரென்று சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. கட்டின புருஷனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

பாத்திரங்களை ஒதுங்க வைப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ஆபீசர் இணைப்பைக் கொடுத்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கரகரத்த ஆண் குரல் கேட்டது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேம்மா. தனியா இருக்கேன். ரொம்ப பயமா இருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதறாதீங்க அண்ணே, நான் இருக்கேன்."

"அண்ணேன்னு சொல்லாதீங்க. மத்ததைச் சொல்லுங்க."

பயத்தில் மனிதர்கள் என்னென்னவோ பேசுவார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கு எரிகிறதா, மூச்சு முட்டுகிறதா, மேலே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பதமாக விசாரித்தாள். விளக்கு இல்லை, மூச்சு முட்டுகிறது, மேலே கயிறு கிறீச்சிடுகிறது என்று ஒவ்வொன்றாக வந்தது பதில். "நீங்க பேசிக்கிட்டே இருங்க, அது போதும்" என்றும் குரல் கெஞ்சியது.

சீரியஸா, இம்மினன்ட்டா என்று ஆபீசர் அவசரப்படுத்தினார். இம்மினன்ட் என்று சொல்லி ஒன்றும் இல்லையென்றால் வேலை போயிற்று. சீரியஸ் என்று சொல்லி லிஃப்ட் விழுந்துவிட்டால் ஒரு உயிர் போயிற்று.

"நல்லா பார்த்துச் சொல்லுங்க. லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதா, இல்ல ஒரே இடத்துல நிக்குதா?"

"அது எங்கே இறங்கும்? சேஃப்டி கியர் ரெண்டு பக்கமும் ரெயிலைக் கவ்விப் பிடிச்சிருக்கு. கயிறே அறுந்தாலும் ஒரு இன்ச் அசையாது" என்று பளிச்சென்று வந்தது பதில். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போல, "ரொம்ப பயமா இருக்கும்மா" என்று குரல் மறுபடியும் கரகரத்தது.

சேஃப்டி கியர், ரெயில் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டுச் சலித்த பேச்சு அது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

ஆபீசர் மறுபடி கேட்டார். சீரியஸும் இல்லை, இம்மினன்ட்டும் இல்லை, வண்டியே வேண்டாம், அந்த லிஃப்டை நிறுத்தத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரியும் என்று அவள் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அப்போ டேஞ்சர் எதுவும் இல்லைன்னு முடிச்சிடலாமா?"

"முடிக்காதீங்க சார். சாயங்காலம் இவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது இருக்கு, இம்மினன்ட் டேஞ்சர்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதவைத் திறக்கப்போறது நான்தான் சார்."