அரிசி மில்லும் மூன்று மண் நிறங்களும்

கொரட்டூர் ஏரிக்கரையில், பாழடைந்த அரிசி மில்லுக்கு எதிரே ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படம் வரைகிறாள் என்று கேள்விப்பட்டதும் புரமோட்டர் நாகப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மில் அவர் வாங்கிப் போட்டது. அதை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப் போகிறார். வெள்ளிக்கிழமை பூமி பூஜை. வாங்கப் போகிற பதினாறு குடும்பமும் வருகிறது. இடிப்பதற்கான அனுமதிதான் இன்னும் வந்தபாடில்லை.

சூப்பர்வைசர் பரத்தை வேவு பார்க்க அனுப்பினார். அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"டிராயிங் டீச்சராம் சார், பேரு கனிமொழி. இடிஞ்ச கட்டடமா தேடித் தேடி வாட்டர் கலர்ல வரையுதாம். மஞ்சக் காவி, செங்காவி, பழுப்பு, மூணே கலரு. பாழடைஞ்சதுக்கு அதுக்கு மேல இன்னாத்துக்குன்னு கேக்குது. ஞாயித்துக்கிழம கண்காட்சி வேற கீதாம். பெரிய பெரிய ஆபீசருங்கோ வர்றாங்களாம்."

"போச்சுடா! எவனாவது தொல்லியல்காரன் பாத்தான்னா புராதனச் சின்னம்னு போர்டு நட்டுடுவான். அப்பால ஒரு செங்கல் வெக்க முடியுமா? பொக்லைனக் கூப்புடுடா!"

அனுமதியாவது மண்ணாவது! மதியத்துக்குள் மில் தரைமட்டம். சட்டப்படி குற்றம்தான். ஆனால் இல்லாத கட்டடத்தை எந்தச் சட்டம் வந்து காப்பாற்றும் என்று நாகப்பனுக்கு ஒரே குஷி. தெரு நாய்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து எல்லோரும் சுண்டல் கொறித்துக்கொண்டிருக்க, எதிர்ச் சாரியில் கனிமொழி. அதே ஸ்டூல், அதே மூன்று வண்ணம்! நாகப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதினாறு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை காட்டப் போனார்.

"இன்னாம்மா, மில்லுதான் பூட்ச்சே! இனிமே இன்னாத்த வரையப் போற?"

கனிமொழி சட்டென்று எழுந்து கும்பிட்டாள்.

"நீங்கதான் இடிச்சீங்களா சார்? ரொம்ப தேங்க்ஸ். லீவு விட்டதுலேருந்து வந்து வந்து பாக்கறேன், அந்த மில்லு குறுக்கே மறைச்சுக்கிட்டு பாதிக்கு மேல வரையவே முடியல. இன்னிக்குத்தான் முழுசாத் தெரியுது."

அவள் திருப்பிக் காட்டிய பாதிப் படத்தில், விரிசல் விட்ட சுவரும் தொங்கும் பால்கனியும் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றுமாக நின்றது, மில்லுக்குப் பின்னால் போன வருஷம்தான் நாகப்பன் கட்டி முடித்துச் சாவி கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு.