இன்னொரு கரண்டி

சந்தியாகுவின் உயிர் பிரியமாட்டாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. "அண்ணன் ஆசப்பட்டத வாயில விட்டாத்தான் அடங்கும் மைனி" என்றாள் நாத்தனார். மனைவி பிலோமினா பால் விட்டாள், கடைவாயில் வழிந்தது. சொந்த வயல் மண்ணைக் கரைத்து விட்டாள், அதுவும் வழிந்தது. கடைசியில், மாதா கோயிலில் சத்தியம் வாங்கி அவரைக் குடியை விடவைத்தவளே அன்று பரணில் ஒளித்துவைத்த சீமைச் சாராயப் புட்டியை இறக்கினாள். மேலே எழுதியிருந்த லத்தீனுக்கு 'உயிரின் தண்ணீர்' என்று அர்த்தமாம். சாமியார் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஒரு கரண்டி விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. சந்தியாகு கண்ணைத் திறந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றார். வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியது. "அடங்கிட்டா மைனி?" என்று பெட்டியை இறக்கப் போயிருந்த நாத்தனார் அங்கிருந்தே கேட்டாள். அடுத்த கரண்டி உயிரை அனுப்பிவைக்குமா, பிடித்துவைக்குமா என்று பிலோமினாவுக்குப் பிடிபடவில்லை. தனக்கு எது வேண்டும் என்பதும். அவர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.