கயித்தான் முனை

கால் உறைந்துபோன கயித்தானை வடதுருவப் பனியில் ஒரு கூடாரத்தில் விட்டுவிட்டுப் போனபோது, கப்பல் கூட்டாளி இஞ்ஞாசி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தே நாளு மச்சான், ஆளோட வந்து தூக்கிருவோம்" என்றான். யாரும் வரவில்லை. திமிங்கிலம் பிடிக்க வந்தவர்கள்தான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒற்றைக்காலோடு ஊர் திரும்பியவனை இஞ்ஞாசி கட்டிப்பிடித்து அழுதான். தன் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த, அந்தப் பயணத்தின் வரைபடத்தைக் காட்டினான்.

"பாருல, கயித்தான் முனை! செத்தவன் பேரத்தான் கேப்டன் வைப்பாரு. பனிப்புயல்ல ஒன்னயத் தேடித் தேடிப் பாத்து, செத்துட்டன்னு நெனச்சு வச்சது."

புள்ளிக்கோடாகப் போன பாதையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அதை வைத்த தேதி பொடி எழுத்தில் இருந்தது. கயித்தான் தன் பெயருக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்து, முகத்தை ஒட்டிவைத்துப் படித்தான். மே பதினான்கு. அவனை விட்டுவிட்டுப் போனது பதினாறாம் தேதி. பதினான்காம் தேதி எல்லோரும் அதே கூடாரத்தில் ஒன்றாகத்தான் படுத்திருந்தார்கள். கேப்டன் மட்டும் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மைக்கூடு உறைஞ்சுபோச்சு" என்றான் கயித்தான், கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல். "அத அக்குள்ல வச்சு உருக்கிக் குடுத்தது நீதானல?"